ஒன்றரை மில்லிமீட்டர்

பிளாஸ்மா வெட்டு மேசையைப் பார்க்க வருபவர்கள் முதலில் நெருப்பைப் பார்ப்பார்கள். அப்புறம் மேசையின் பரப்பை. எட்டுக்கு நாலு அடித் தகடு முழுசாகப் படுக்கிற மேசை, அதன் இருபுறமும் தண்டவாளம், தண்டவாளத்தில் ஓடும் பாலம், பாலத்தில் தொங்கும் டார்ச். ஆனால் இதைச் சொந்தக் கையால் கட்டியவர் வாயில் அடிக்கடி வரும் அளவு ஒன்றரை மில்லிமீட்டர். வெட்டும்போது டார்ச் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அது. இடைவெளி கூடினால் வெட்டின் ஓரம் சாயும். இல்லாமலே போனால் டார்ச் தகட்டில் இடித்து நிற்கும்.

கோவை கணபதியில் கிரில், கேட் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு இரும்பு புதிதல்ல. ஒரு காலத்தில் வாசல் கேட்டுக்குச் சதுரக் கம்பியும் ஈட்டி முனையும் போதும். இப்போது வீடு கட்டுகிறவர்கள் கைபேசியை நீட்டுகிறார்கள்: தோகை விரித்த மயில், ஆலிலை, சிக்குக் கோலம், பெயர்ப்பலகை. இதையெல்லாம் தகட்டில் வெட்டித் தர லேசர் கடைகள் ஊரில் உண்டு. பம்ப், மோட்டார் கம்பெனிகளின் மொத்த வேலை அங்கே முந்திக்கொள்ளும். ஒற்றைத் தகடு கொண்டுபோகிற கேட் பட்டறைக்காரர் காத்திருக்க வேண்டும். கேஸ் கட்டிங்கில் செய்யலாம் என்றால் மூன்று மில்லிமீட்டர் தகடு சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். வீட்டை ஒட்டிக் கார் நிறுத்தும் ஷெட் ஒன்று இருந்தது. காரை வெளியே விட்டுவிட்டு அங்கே மேசை கட்ட ஆரம்பித்தார். துணைக்கு அக்கா மகன், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன்.

ஷெட்டில் ஆரம்பித்தது ஒன்றும் அவமானம் இல்லை. டிக் கவுச்சும் பாப் டீனும் 1968ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய ஹைப்பர்தெர்ம் கம்பெனியே இரண்டு கார் நிற்கும் ஷெட்டில் பிறந்ததுதான். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1957ல், யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் இந்த டார்ச்சுக்கான காப்புரிமையைப் பெற்றிருந்தார். அடிப்படை எளிது. வெல்டிங்கில் பரவி எரிகிற ஆர்க்கைச் சின்னத் துளை வழியே நெருக்கி அனுப்பினால், கூடவே வரும் வாயு மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகி, இருபதாயிரம் டிகிரியைத் தாண்டிய சூட்டில் உலோகத்தை உருக்கி, அதே வேகத்தில் கீழே ஊதித் தள்ளிவிடும். பட்டறைக்காரருக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்று. ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டாம், கேஸ் சிலிண்டர் வேண்டாம். கரண்ட்டும் கம்ப்ரசர் காற்றும் போதும். அந்தக் காற்று என்ன பாடு படுத்தப்போகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரும்பு வேலை அவர் கைக்கு அடங்கியது. செவ்வகப் பைப்பில் சட்டம். வெல்டிங் இழுக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி டேக் வைத்து, குறுக்களவு இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் முழு வெல்டிங்குக்குப் போனார். தண்டவாளம் உட்காரும் சட்டம் வேறு, தகடும் தண்ணீர்த் தொட்டியும் உட்காரும் சட்டம் வேறு என்று பிரித்ததில்தான் அவர் அனுபவம் தெரிகிறது. தகட்டைப் பொத்தென்று போட்டாலும் தண்ணீர் நிரம்பினாலும் தண்டவாளம் அசையாது. பைப்பின் முதுகு எங்கேயும் நேராக இருக்காது. ரசமட்டம் வைத்து, நைலான் நூல் இழுத்துக் கட்டி, லீனியர் ரெயிலுக்கு அடியில் ஷிம் தகடு கொடுத்து நேராக்கினார்.

பாலம் விஷயத்தில்தான் வழக்கமான பட்டறைப் புத்தியை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. கனமாகச் செய்தால் உறுதி என்பது கேட்டுக்குச் சரி. பிளாஸ்மா டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை. எதிர்த்து அழுத்தும் விசை கிடையாது. வேண்டியதெல்லாம் சட்டென்று வேகம் பிடிக்கவும் சட்டென்று திரும்பவும் ஆன லேசான உடம்பு. கனமான பாலம் மூலைக்கு மூலை தயங்கும். தயங்குகிற இடத்தில் நெருப்பு நின்று எரியும். வெட்டு அகன்று மூலை உருண்டுபோகும். மில்லிங் மெஷின் பார்த்துப் பழகியவர்கள் கட்டும் மேசைகளில் இந்தக் கோளாறு சகஜம். அவர் பாலத்துக்கு அலுமினியப் பகுதியைப் போட்டார். அதன் இரு முனையிலும் தனித்தனி மோட்டார். ஒவ்வொரு காலையும் இரு மோட்டாரும் அதனதன் சென்சாரைத் தொட்டு நிற்கும்போது பாலம் தானாகவே மூலைமட்டத்துக்கு வந்துவிடும்.

மோட்டார் சுழற்சி மில்லிமீட்டராக மாறுகிற கணக்கை அவர் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரிக்கிறது: 2000. பெல்ட் புல்லி மூன்றுக்கு ஒன்று: 6000. மாட்யூல் 1, இருபது பல் பினியன் ஒரு சுற்றில் பல்சட்டத்தின் மேல் 62.83 மில்லிமீட்டர் உருளும். வகுத்தால் மில்லிமீட்டருக்கு 95.49 துடிப்பு. நிமிடத்துக்கு ஆறு மீட்டர் வேகத்தில் ஓட்டினால் கம்ப்யூட்டர் நொடிக்கு 9549 துடிப்பு அனுப்ப வேண்டும், அதுவும் ஒரே தாளத்தில்.

அந்தத் தாளம் சாதாரண கம்ப்யூட்டருக்கு வராது. அது நடுவில் வேறு ஏதாவது வேலை பார்க்கப் போய்விடும். இதற்கென்றே இருக்கிறது லினக்ஸ்சிஎன்சி. எண்களைக் கொண்டு மில்லிங் மெஷினை ஓட்டும் வித்தையை எம்.ஐ.டி. 1952லேயே காட்டிவிட்டது. அதற்கான கட்டுப்பாட்டு மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி, 1990களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் எழுதியது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இது, காசு கிடையாது. பழைய டெஸ்க்டாப்பின் பேரலல் போர்ட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டும். அக்கா மகன் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்றைப் பிடித்து வந்தான். டிரைவர், பவர் சப்ளை, சென்சார் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்தன. டார்ச்சுக்குப் பதில் பேனாவைக் கட்டி, தகட்டுக்குப் பதில் சார்ட் பேப்பரை விரித்து ஓட்டியபோது மேசை அருமையாகப் படம் வரைந்தது. வட்டம் வட்டமாகவே இருந்தது.

பேனாவைக் கழற்றி டார்ச்சை மாட்டி ட்ரிகர் கொடுத்த நொடியில் திரை உறைந்தது.

"மாமா, மறுபடியும் தொங்கிருச்சுங்க."

"வயர் லூசா இருக்குதா பாரு."

வயர் லூஸ் இல்லை. பிளாஸ்மா செட்டுகளில் இரண்டு சாதி. ஒன்று, ஆர்க்கைக் கிளப்ப உயர் அதிர்வெண்ணில் பல ஆயிரம் வோல்ட் பொறியைப் பாய்ச்சுவது. மலிவான செட்டுகளில் பெரும்பாலும் இதுதான். பொறி பறக்கும் அந்தக் கணத்தில் மேசையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கம்பியும் ஆன்டெனா ஆகிவிடும். லிமிட் ஸ்விட்ச் அமுங்காமலே அமுங்கியதாகச் செய்தி போகும்; மோட்டாருக்கு யாரும் அனுப்பாத துடிப்பு போய்ச் சேரும்; கம்ப்யூட்டர் நிற்கும். இன்னொரு சாதி செட்டில் எலக்ட்ரோடும் நாசிலும் முதலில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் ஓடத் தொடங்கியதும் காற்றழுத்தம் இரண்டையும் விலக்க, அந்த விலகலில் ஆர்க் பிறக்கும். உயர் அதிர்வெண் தேவையே இல்லை. கையால் வெட்டுகிறவருக்கு இரண்டுமே ஒன்றுதான். கம்ப்யூட்டர் வைத்து வெட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் செட். கட்ட நினைக்கும் எவருக்கும் அவர் முதலில் சொல்வது இதைத்தான்: மேசையில் மிச்சம் பிடி, செட்டில் பிடிக்காதே. அவரும் கடைசியில் அந்த இரண்டாவது சாதியில் ஹைப்பர்தெர்மின் பழைய பவர்மேக்ஸ் 45 ஒன்றைத் தேடி வாங்கினார்.

செட் மாறியும் இரைச்சல் முழுசாக ஓயவில்லை. வெட்டும்போது 45 ஆம்பியர் ஓடுகிற கேபிள் மோட்டார் வயர்களோடு ஒரே டிராக் செயினில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிரித்துத் தலைக்கு மேலே தனியாகத் தொங்கவிட்டார்கள். வலை சுற்றிய வயர்கள் வந்தன. அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்த்தார்கள், இரு முனையிலும் சேர்த்தால் வலையே மின்சாரத்துக்குச் சுற்றுப்பாதை ஆகிவிடும் என்பதால். மேசை, பாலம், கன்ட்ரோல் பெட்டி எல்லாவற்றிலிருந்தும் தனித்தனிச் செம்புக் கம்பி ஒரே இடத்துக்கு வந்து, அங்கிருந்து எர்த் குழிக்கு இறங்கியது. ஷெட்டுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, கோடையில் காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுகிறார்கள். ரிட்டர்ன் கிளாம்ப் மேசைக் காலில் இல்லை, வெட்டுகிற தகட்டிலேயே கடிக்கிறது. பேரலல் போர்ட்டுக்கும் ஓய்வு கொடுத்து, ஈதர்நெட் வழி பேசும் மேசா கார்டைப் போட்டான் அக்கா மகன். ஈதர்நெட் இணைப்பில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவில் நின்று இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்துவைக்கிறது. இரைச்சலான இடத்தில் யுஎஸ்பியை நம்ப முடியாது என்பது அவன் கட்சி. அதன் பிறகு திரை உறையவில்லை. இதில் எந்த ஒன்று பலித்தது என்று மாமாவும் மருமகனும் இன்னும் வழக்காடுகிறார்கள். மாமாவின் ஓட்டு குழிக்கு.

இனி அந்த ஒன்றரை மில்லிமீட்டர். தகடு கண்ணுக்குத்தான் சமம். ரோலில் சுற்றி வந்த தகட்டில் அலை இருக்கும். வெட்ட வெட்டச் சூட்டில் நடுப்பகுதி மேலே எழும். அதனால் ஒவ்வொரு துளையைத் தொடங்கும் முன்பும் டார்ச் இறங்கி வந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். டார்ச் ஒரு சின்ன நழுவு தட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. முனை தகட்டில் பட்டதும் தட்டு மேலே நழுவி ஸ்விட்சைத் தட்டும். அந்த நழுவலின் அளவைக் கழித்தால் தகடு இருக்கும் உயரம் கிடைத்துவிடும். அங்கிருந்து 3.8 மில்லிமீட்டர் மேலே போய்த்தான் துளையிட வேண்டும் என்கிறது செட்டோடு வந்த கையேடு. ஏனென்றால் துளை விழும் வரை உருகிய இரும்புக்குக் கீழே வழி இல்லை, மேலேதான் தெறிக்கும். கிட்டே இருந்தால் நாசிலின் வாயிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டர் தகட்டில் அரை நொடிபோல நின்று, துளை விழுந்ததும் ஒன்றரைக்கு இறங்கி நகர வேண்டும்.

நகரத் தொடங்கிய பிறகு தகட்டைத் தொட முடியாது. அங்கே ஆர்க்கே அளவுகோல் ஆகிறது. செட் மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும். ஆர்க் நீண்டால் வோல்டேஜ் ஏறும், குறுகினால் இறங்கும். ஒரு மில்லிமீட்டர் மாறினாலே சில வோல்ட் மாறிவிடும். 130 வோல்ட்டை அப்படியே எலக்ட்ரானிக்ஸில் விட முடியாதே. செட்டுக்குள் அதை ஐம்பதில் ஒன்றாகக் குறைத்து 2.6 வோல்ட்டாகத் தருகிறார்கள். கார்டு அதைப் படித்து நொடிக்குப் பலமுறை டார்ச்சை ஏற்றி இறக்குகிறது. முதன்முறை இது ஒழுங்காக ஓடியபோது, வேண்டுமென்றே அடியில் கட்டை வைத்துச் சாய்த்த தகட்டின் மேல் டார்ச் மேடேறிப் போவதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்களும் கூடிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. வோல்டேஜ் ஏற டார்ச் உயர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மூலையில் வேகம் குறையும்போது வெட்டு அகன்று ஆர்க் பக்கவாட்டில் நீளும், வோல்டேஜ் ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணிய கம்ப்யூட்டர் அதைத் தகட்டுக்குள் இறக்கும். ஏற்கெனவே வெட்டிய கோட்டைக் கடக்கும்போதும் இதே கதை. ஆகவே வேகம் குறைகிற இடத்தில் உயரத் திருத்தத்தைப் பூட்டிவைக்கச் சொல்ல வேண்டும். எலக்ட்ரோடு தேயத் தேயவும் வோல்டேஜ் மெல்ல மாறும். காலையில் வைத்த எண் சாயங்காலத்துக்குப் பொருந்தாது. வெட்டின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து எண்ணை மாற்றுகிற இடத்தில் அவருடைய வெல்டர் கண் மீண்டும் வேலைக்கு வருகிறது. அடியில் கொப்புளக் கசடு தொங்கி, தட்டினால் உதிர்ந்தால் வேகம் போதாது. மெல்லிய கோடாகக் கெட்டியாக ஒட்டி, கிரைண்டர் கேட்டால் வேகம் மிஞ்சிவிட்டது.

எலக்ட்ரோடு தேய்வதற்கு வருவோம். செம்புத் துண்டின் முனையில் கடுகளவு ஹாஃப்னியம் பதித்திருப்பார்கள். டங்ஸ்டன் காற்றில் எரிந்துபோகும், ஹாஃப்னியம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈரக்காற்றைக் கண்டால் அதுவும் சீக்கிரம் குழி விழும். 1.6 மில்லிமீட்டர் ஆழம் குழி விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்ஜி கம்ப்ரசர் கம்பெனி 1960ல் தொடங்கிய ஊர் கோவை. கம்ப்ரசருக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் உலர்ந்த காற்றுக்கு. காற்றை அழுத்தினால் சூடாகும், ஆறும்போது தண்ணீர் விடும். ஐப்பசி மழையில் டேங்க்கின் அடி வால்வைத் திறந்தால் தண்ணீர் பீச்சியடிக்கும். அந்த மாதங்களில் எலக்ட்ரோடு செலவு கண்ணைக் கட்டியது. கம்ப்ரசருக்கும் டேங்க்குக்கும் நடுவே நீளமாகச் செம்புக் குழாய் ஓட்டி ஃபேன் வைத்து ஆறவிட்டார். டார்ச்சுக்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைத்த ஃபில்டரை மாட்டினார். மணியின் நிறம் மாறியதும் எடுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுவது இப்போது அக்கா வீட்டு அடுப்படியில் நடக்கிறது. அக்காவுக்கு இதில் சந்தோஷம் இல்லை.

புகையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. தகடு உட்காரும் பட்டைகளுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. உருகித் தெறிப்பதில் பெரும்பகுதி அதில் விழுந்து சேறாகிவிடும். தொட்டி இல்லாமல் ஒரு தகடு வெட்டினால் ஷெட் முழுக்கக் கருந்தூசி. பட்டைகளையும் டார்ச் வெட்டிக்கொண்டேதான் போகும். அவற்றைச் செலவுப் பொருளாக நினைத்து, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி மாற்றுகிறார். தண்ணீர் எல்லாவற்றையும் பொறுக்காது. அலுமினியத் துகள் தொட்டியில் சேர்ந்தால் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும். அது தகட்டுக்கடியில் தேங்கி நிற்கையில் ஆர்க் பட்டால் வெடிக்கும். அலுமினிய வேலை வந்தால் அவர் லேசர் கடைக்குக் கைகாட்டிவிடுகிறார். ஜிஐ தகட்டையும் தவிர்க்கிறார். துத்தநாகப் புகையை மூச்சில் வாங்கினால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் அசையாத நம்பிக்கை. புகை பக்கமே போகாமலிருப்பதுதான் வைத்தியம் என்பது அவர் முடிவு. கண்ணுக்கு 6ஆம் எண் கண்ணாடி. வெல்டிங்குக்குப் போடும் 11ஆம் எண்ணில் வெட்டுக்கோடே தெரியாது.

படம் போடும் வேலை தனிக் கலை. வாடிக்கையாளர் ஒருவர் "அன்னை இல்லம்" என்று கேட்டார். எழுத்தை எழுத்தாகவே தகட்டில் துளைத்தெடுத்தால் ன-வின் சுழி, ல-வின் வளையம், அ-வின் கொண்டை என்று மூடிய இடமெல்லாம் கழன்று தொட்டிக்குள் விழும். ஒவ்வொரு சுழியையும் மெல்லிய பாலத்தால் சுற்றுத் தகட்டோடு கட்டிவைக்க வேண்டும். சிக்குக் கோலத்துக்கும் இதே கதிதான். கோட்டை வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் தனித்தனித் தீவு. தமிழ் எழுத்துருவின் வளைவுகளை மென்பொருள் நூற்றுக்கணக்கான துக்கடாக் கோடுகளாக உடைத்துத் தரும். மேசை ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கி ஓடி ஓரத்தைப் பல்பல்லாக எரித்துவிடும். அவற்றைச் சேர்த்து வில்லாக்குவது அக்கா மகனின் ராத்திரி வேலை. வெட்டின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் போவதால், கோட்டுக்கு முக்கால் மில்லிமீட்டர் வெளியே டார்ச்சை ஓட்ட வேண்டும் என்பதையும் மென்பொருளில் சொல்லியாக வேண்டும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்கூட நியாயம் உண்டு. டார்ச்சுக்குள் காற்று கடிகாரச் சுற்றில் சுழன்று இறங்குகிறது. அதனால் போகிற திசைக்கு வலப்பக்க ஓரம் செங்குத்தாக விழும், இடப்பக்கம் சாயும். எனவே பொருளின் வெளி எல்லையைக் கடிகாரச் சுற்றிலும், உள்ளே வரும் துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டினால் நல்ல ஓரம் பொருளோடு தங்கும், சாய்ந்த ஓரம் கழிவோடு போகும். முதலில் உள்துளை, கடைசியில் வெளி எல்லை. மாற்றிச் செய்தால் பொருள் அசைந்த பிறகு துளை விழும். வெட்டுண்ட சில்லு சில சமயம் கவிழாமல் நட்டுக்கொண்டு நிற்கும், டார்ச் அதில் மோதும். டார்ச் பிடிப்பான் காந்தத்தில் ஒட்டியிருப்பதால் இடித்ததும் கழன்று தொங்கும், அதோடு மேசை நிற்கும். ஷெட்டில் அதிகம் உபயோகப்பட்ட பாகம் எது என்று கேட்டால் அக்கா மகன் அந்தக் காந்தத்தைத்தான் காட்டுவான்.

மயிலுக்கும் கோலத்துக்கும் என்று கட்டிய மேசை இப்போது அதிகம் வெட்டுவது பேஸ் பிளேட்டும் கஸ்ஸெட்டும். ஷெட் போடுகிறவர்கள், தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட் செய்கிறவர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் படம் வேண்டாம், நாலு மூலையில் போல்ட் துளை வேண்டும். பிளாஸ்மாவுக்குப் பிடிக்காத வேலை அது. தகட்டின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறைந்த துளை மேலே வட்டமாகவும் கீழே கோணலாகவும் வரும். வேகத்தை அறுபது சதவீதத்துக்குக் குறைத்து, உயரத் திருத்தத்தை அணைத்து வெட்டினால் கொஞ்சம் தேவலை. போல்ட் நுழையும், ஆனால் ஆடும்.

"ஏனுங்கண்ணா, பத்து எம்எம் பிளேட்டு, பன்னண்டு எம்எம் ஓட்டை. மிஷின்லயே போட்டுக் குடுத்துருங்க" என்று வருகிறவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. அந்த இடங்களில் டார்ச்சை ஒரு கணம் மட்டும் தட்டிப் புள்ளி வைக்கிறார். மேசைக்குப் பக்கத்திலேயே பில்லர் டிரில்லை நகர்த்திப் போட்டிருக்கிறார். புள்ளியில் டிரில் இறங்குகிறது. துளைக்கு இவ்வளவு என்று கூலி தனி.